விவேகானந்தர் இல்லம்: டிக்கெட் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

கட்டட மேற்பார்வை என் தொழில். சென்னை மெரினாவில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கு யார் கிளம்பினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: உள்ளே ஓடாதீர்கள், முதலில் வெளியே நின்று அந்த வளைந்த முகப்பை நிதானமாகப் பாருங்கள்.

மனிதர்கள் குடியிருக்கக் கட்டியது இல்லை இது. பாஸ்டன்காரரான பிரடெரிக் டியூடர் 1842-இல் கட்டிய ஐஸ் கிடங்கு. குளிர்காலத்தில் உறைந்துபோன அந்த ஊர்க் குளங்களில் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடுக்கினார்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும்கூட அவருக்குக் கிடங்குகள் இருந்தன. மிஞ்சி நிற்பது நம்முடையது மட்டும்.

உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். வெயிலும் காற்றும் நுழையக் கூடாதென்று எழுப்பிய சுவர்களில் ஜன்னல்கள் வைத்தார், வட்டத் தாழ்வாரங்கள் சேர்த்தார், நீதிபதி கெர்னன் நினைவாகக் 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். இன்று நாம் ரசிக்கிற அழகில் பெரும்பங்கு இந்த மனிதருடையது என்பேன்.

மேல்நாட்டுப் பயணம் முடித்து வந்த விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை இங்கே தங்கினார். அவர் இருந்த அறை இப்போது தியான அறை. நேரம் குறைவாக இருந்தால் மற்றதை வேகமாகப் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்காருங்கள். அதே ஆண்டு, அவருடைய சகோதரத் துறவியான ராமகிருஷ்ணானந்தர் சென்னை ராமகிருஷ்ண மடத்தைத் தொடங்கியதும் இந்த வீட்டில்தான். 1906-இல் வீடு ஏலம் போக, மடம் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

அப்புறம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சிறு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி, தன்னைப் போன்ற பெண்கள் தங்கிப் படிக்க இங்கே விடுதி நடத்தினார். மூலையில் முடங்கச் சொல்லப்பட்ட பெண்கள் ஆசிரியைகளாக வெளியே போன வீடு இது. என்னைக் கேட்டால், இந்தக் கட்டடம் கண்ட பெரிய காலம் அதுதான். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஐஸ் கதையோடு நிறுத்திவிடாமல் இதையும் சொல்லுங்கள்.

1963-இல், சுவாமிஜியின் நூற்றாண்டில், இன்றைய பெயர் வந்தது. 1997-இல் அரசு ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட்டது. அதன் பிறகுதான் கண்காட்சி. பராமரிப்பு அருமை. பழைய கட்டடத்தை இப்படி வைத்திருக்க எவ்வளவு உழைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு மாலை வேண்டாம், கடற்கரைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. விடுமுறை என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு, வார நாளில் காலையில் போங்கள்.