பிஎச்டிக்குப் பணம்: ஜேஆர்எஃப்பா, புராஜெக்ட் வேலையா?

எம்எஸ்சி முடித்துவிட்டு மண்டபம், ராமநாதபுரம் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, "அக்கா, மாதாமாதம் பணம் வர்ற மாதிரி பிஎச்டி எங்கே கிடைக்கும்?" என்றுதான். நான் நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிச் சேர்ந்தவள், கடல்பாசி ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

தொகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பு தரும் ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் சம்பளத்துக்குச் சேரும் புராஜெக்ட் வேலையிலும் வயிறு காயாது.

பார்க்க வேண்டியது, அந்தப் பணம் யார் பெயரில் வருகிறது என்பதை. ஜேஆர்எஃப் உங்கள் பெயரில் வருவது, மொத்தம் ஐந்து வருஷம். புராஜெக்ட் பணம் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, வாங்கிய திட்டத்தின் பணம், பெரும்பாலும் மூன்று வருஷம், திட்டம் முடிந்த அன்றே உங்கள் சம்பளமும் முடியும். அந்த மூன்றும் காகிதத்தில்தான் மூன்று. பணம் வந்து, விளம்பரம் போட்டு, வாக்-இன் நேர்காணல் நடத்தி நீங்கள் சேர்வதற்குள் சில மாதம் போயிருக்கும். ஐப்பசியில் சேர்ந்தீர்கள் என்றால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பம் நிற்காது, தை பிறந்த பிறகுதான் விதைப்பாசியைக் கயிற்றில் கட்ட முடியும், கட்டினால் அறுவடைக்குச் சுமார் 45 நாள். மீன் பக்கம் போனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மாதிரிக்கு எங்கே போவது? ஒரே ஆய்வை இரண்டு பருவமாவது திரும்பச் செய்யாமல் ஆய்வேடு எழுத முடியாது, அதற்குள் திட்டம் முடிந்து சம்பளமில்லாமல் தீசிஸ் எழுதியவர்களை எனக்குத் தெரியும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ஜேஆர்எஃப்பிலும் குறை உண்டு. பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும். சிஎஸ்ஐஆர் நெட்டில் ஐந்து அறிவியல் பாடங்கள்தான், இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு கேட் தேர்வு, அதை வைத்து ஐஐடி, என்ஐடியில் கிடைக்கும் உதவித்தொகையும் ஒரு புராஜெக்டோடு கட்டுப்பட்டதில்லை என்பதால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

வெளிநாட்டு வழியில் நான் போகவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடனில் பிஎச்டி பெரும்பாலும் ஒப்பந்த வேலை, யூராக்ஸஸ் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைத் தளத்தில் விளம்பரம் வரும், அதில் ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்ற வரியை முதலில் படியுங்கள்.

அப்புறம், புராஜெக்ட் வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெட்டுக்குப் படித்துக்கொண்டே கைப்பழக்கம் வர அதைவிட நல்ல இடம் கிடையாது, நமக்கு மண்டபம் கேம்ப்பிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமான சிஎம்எஃப்ஆர்ஐயின் மையம் இருக்கிறது, மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்எம்சிஆர்ஐயின் பாசி நிலையம் இருக்கிறது, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரி இருக்கிறது, அவற்றின் தளங்களில் வேலை விளம்பரப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். சேரும் முன் கைடிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், பிஎச்டிக்குப் பதிவு செய்ய அனுமதி உண்டா, நான் எடுக்கும் தரவை என் ஆய்வேட்டில் போடலாமா. இரண்டாவதற்கு "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தால், அந்த வேலையில் இருந்துகொண்டே அடுத்த நெட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.