ஸ்வீட் ஆபர்னா, ட்ரெமேயா?

அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் கட்டியெழுப்பிய ஒரு பகுதியை நடந்து பார்க்க வேண்டும், ஆனால் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வயது
ட்ரெமே, நியூ ஓர்லியன்ஸ்: அடிமை முறை இருந்தபோதே சுதந்திரக் கறுப்பினத்தவர் சொந்த வீடு வாங்கி வாழ்ந்த இடம்.
ஸ்வீட் ஆபர்ன், அட்லாண்டா: 1906 இனக் கலவரத்துக்குப் பின் கறுப்பின வணிகம் திரண்ட தெரு.

பார்க்க
ஆபர்ன்: மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்த வீடு, அவர் போதகராக இருந்த எபினேசர் தேவாலயம், அவர் கல்லறை. எல்லாம் சில நிமிட நடைதான். அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ன்டன் தொடங்கிய காப்பீட்டு நிறுவனத்தின் கதையும் இந்தத் தெருவோடு சேர்ந்ததே.
ட்ரெமே: ஞாயிறுதோறும் அடிமைகள் கூடி மேளம் கொட்டி ஆடிய காங்கோ சதுக்கம். அப்புறம், செயின்ட் அகஸ்டின் தேவாலயம். சுதந்திரக் கறுப்பினத்தவர் தங்களுக்கு மட்டுமல்ல, அடிமைகள் உட்காரவும் காசு கொடுத்து இருக்கைகள் வாங்கினார்கள். வெளியே சாய்ந்து நிற்கும் இரும்புச் சிலுவையில் கை, கால் விலங்குகள் தொங்குகின்றன. பெயர் தெரியாத அடிமைகளுக்கான நினைவிடம் அது. அதன் முன் நின்றால் சட்டென்று நகர முடியாது.

காயம்
இரண்டையும் நெடுஞ்சாலை பிளந்தது. ட்ரெமேயின் கிளைபோர்ன் அவென்யூவில் 1966இல் ஓக் மரங்களை வெட்டினார்கள். இன்று மேம்பாலத் தூண்களில் அந்த மரங்களை ஓவியமாகப் பார்க்கலாம்.

உரிமைப் போராட்ட வரலாறு தேடுபவர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ஆபர்ன் சரி. ஜாஸ் இசையின் வேர் வேண்டுமென்றால் ட்ரெமே. என்னைக் கேட்டால், முதலில் ட்ரெமே.