ஹெட்ஃபோன் ஆம்ப்: வால்வா, ட்ரான்சிஸ்டரா, டாங்கிளே போதுமா?

ஹெட்ஃபோன் ஆம்ப், அதாவது ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலிச் சைகையைப் பெருக்கும் கருவி, வாங்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: இதமாகக் கேட்க வேண்டுமானால் வால்வு (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்), துல்லியமாகக் கேட்க வேண்டுமானால் ட்ரான்சிஸ்டர். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் காதில் மாட்டியிருப்பதைப் பொறுத்தது. ஒரு ஹெட்ஃபோனுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தும் வால்வு ஆம்ப் இன்னொன்றின் உயிரை எடுத்துவிடும். அதனால் ஆம்ப்களைப் பொத்தாம்பொதுவாக ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு பேசலாம்: சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்தது. இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். வால்வுக் கட்சியிலும் ட்ரான்சிஸ்டர் கட்சியிலும் இதை வைத்திருப்பவர்கள் நிறைய.

300 ஓம் என்றதும் "பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடாது" என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். 1 மில்லிவாட்டுக்கு இது ஏறக்குறைய 97 டெசிபெல் தருகிறது. பாட்டின் உச்ச அடிகளுக்கு 110 டெசிபெல் வரை இடம் விட்டாலும் 20 மில்லிவாட் போதும். சிக்கல் வாட்டில் இல்லை, வோல்ட்டில். 300 ஓமுக்குள் 20 மில்லிவாட்டைச் செலுத்தச் சுமார் 2.5 வோல்ட் தேவை. ஃபோனில் செருகி அதில் ஹெட்ஃபோனை மாட்டும் ஆப்பிளின் குட்டி யூஎஸ்பி-சி டாங்கிளில், அமெரிக்காவில் விற்கும் மாடல் 1 வோல்ட் வரைதான் தரும். ஐரோப்பிய மாடல் அதிலும் பாதி. 1 வோல்ட் என்றால் உச்சம் 102 டெசிபெல்.

அது குறைவா? இன்றைய சினிமாப் பாட்டு கேட்பவருக்குக் குறைவே இல்லை. அந்தப் பதிவுகளில் சத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உயரத்தில் நிற்கும். நீங்களே குறைத்து வைப்பீர்கள். சபாவில் எடுத்த கச்சேரிப் பதிவு வேறு கதை. ஆலாபனை தாழ்ந்த ஒலியில் போகும், காதுக்கு எட்டட்டும் என்று ஏற்றி வைப்போம், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒவ்வோர் அடியும் அதைவிடப் பல மடங்கு எழும்பும். டாங்கிளுக்கு மூச்சு முட்டுவது அங்கேதான். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர், டாங்கிளை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை நல்ல ஹெட்ஃபோனில் போடட்டும்.

அடுத்தது மேசை மேல் வைக்கும் ட்ரான்சிஸ்டர் ஆம்ப். 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர், ஓ2 என்ற ஆம்ப்பின் வடிவமைப்பை யாரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார். மலிவான பாகங்களைக் கொண்டே, காதுக்குப் பிடிபடும் குறை எதுவும் இல்லாத ஆம்ப் செய்யலாம் என்று அளந்து காட்டினார். அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டார்; ஆள் யாரென்று ஊருக்குத் தெரியாமலே போயிற்று. 2012-இல் ஷிட் ஆடியோவின் மேக்னி, 2018-இல் ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டம் (Atom) என 99 டாலரில் ஆம்ப்கள் வந்தன. ஆட்டம் 32 ஓமில் 1 வாட் வரை தரும். எச்டி 600-க்கு இவை தேவைக்கு மேலேயே போதும்.

ரசனை என்ற பேச்சுக்கு இங்கே ஒரு சுவையான உதாரணம் உண்டு. 2019 இறுதியில் ஷிட் நிறுவனம் ஒரே விலையில் இரண்டு மேக்னிகளை விற்பனைக்கு வைத்தது. மேக்னி 3+ தனித்தனி ட்ரான்சிஸ்டர்களால் ஆனது. ஹெரஸி, ஐசி சிப்பைக் கொண்டது. அளவீட்டில் ஹெரஸி முந்தியது. காதில் எது முந்தியது என்ற சண்டை பல மாதம் ஓடியது. என் கட்சி: இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தால் இந்தச் சண்டை அடங்கிவிடும். இந்த வகை ஆம்ப்களுக்குள் 'கொஞ்சம் இனிமை', 'கொஞ்சம் கறார்' என்று தேடி அலைவது பணத்துக்குக் கேடு.

உண்மையிலேயே வேறாக ஒலிப்பது வால்வு. அதிலும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை. பாட்டில்ஹெட் கிராக், டார்க்வாய்ஸ் 336எஸ்இ இரண்டும் இந்தக் குடும்பம். கிராக், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து பாகங்களாக வரும். நீங்களே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள 6080 வால்வு முதலில் பாட்டுக்கென்று பிறந்ததே அல்ல, மின்வழங்கிகளில் வோல்ட்டேஜைச் சீராக்கப் பிறந்தது.

கிராக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் வெளியீட்டிலேயே உள்ள தடை, 120 ஓமை ஒட்டியது. ஆட்டம் ஆம்ப்பில் 1 ஓமுக்கும் கீழ். வித்தியாசத்தின் வேர் இங்கே இருக்கிறது. எச்டி 600-இன் 300 ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் 300 ஓம் அல்ல. கீழே 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமைத் தொடும். 120 ஓம் குறுக்கே நிற்கும்போது, 300 ஓம் இருக்கும் இடத்தில் சுமார் 2.9 டெசிபெல் இழப்பு, 500 ஓம் இருக்கும் இடத்தில் 1.9 டெசிபெல்தான் இழப்பு. ஆக, பேஸ் 1 டெசிபெல் தூக்கலாகக் கேட்கும். பேஸ் கிட்டாரிலும் தவிலின் தொப்பிப் பக்கத்திலும் ஒரு சதைப்பிடிப்பு தெரியும். வால்வின் இதம் என்று புகழப்படுவதில் கணிசமான பங்கு இந்த எளிய கழித்தல் கணக்கு.

மற்றொரு பங்கு சிதைவு, அதாவது பதிவில் இல்லாத ஒலியை ஆம்ப் சேர்ப்பது. வால்வு ஆம்ப்பில் இரண்டாம் ஹார்மோனிக் ஓங்கி நிற்கும். ஸட்ஜமம் பாடினால் மெல்லிய மேல் ஸட்ஜமம் கூடவே ஒலிக்கும், அவ்வளவுதான், சுருதி கெடாது. தனிக் குரல், வீணை, பழைய மோனோ பாட்டுகள் இதில் நிறைவாக இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் கோஷ்டியாகச் சேரும்போதோ, நாற்பது வயலின்கள் எழும்போதோ, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிதாகப் பிறக்கும் ஒலிகள் எந்தச் சுருதியிலும் சேராது. அப்போது ட்ரான்சிஸ்டர்தான் கருவிகளைப் பிரித்துக் காட்டும்.

இதே கிராக்கில் 32 ஓம் பிளேனர் ஹெட்ஃபோனை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை) செருகினால்? பிளேனரின் இம்பீடன்ஸ் ஏற்ற இறக்கமில்லாதது. அதனால் பேஸ் தூக்கலாகாது. மொத்தச் சத்தமும் 13 டெசிபெல்லுக்கு மேல் விழும், அவ்வளவே. ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற சோம்பேறிக்கு நிலைமை இன்னும் மோசம். அது 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தரும், 50 ஓம். 110 டெசிபெல் எட்ட 450 மில்லிவாட், 95 மில்லியாம்பியர் கேட்கும். பிளேனர்காரர்கள் வால்வுப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். காதுக்குள் செருகும், ஒலி எழுப்பும் டிரைவர் பல உள்ள ஐஇஎம்களுக்கும் ஓடிஎல் ஆகாது: அவற்றின் இம்பீடன்ஸ் தாறுமாறாக ஏறி இறங்குவதால் ஒலியின் வடிவமே மாறும், பின்னணி இரைச்சலும் காதில் விழும்.

வால்வு இதத்தை வால்வு இல்லாமல் பெற முடியுமா? 1985-இல் பாப் கார்வர் இதைச் செய்து காட்டினார். ஸ்டீரியோஃபைல் இதழ்க்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றோடு தன் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பை ஒப்பிட்டு, இரண்டின் வெளியீட்டையும் கழித்துப் பார்த்து, மிஞ்சும் வித்தியாசம் கிட்டத்தட்ட மறையும்வரை மாற்றிக்கொண்டே போனார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது ஸ்பீக்கர் ஆம்ப் என்றாலும் விஷயம் இங்கும் அதேதான். இன்று கணினி வைத்திருப்பவருக்கு அவ்வளவு பாடு வேண்டாம்: ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 1 டெசிபெல் ஏற்றினால் முக்கால்வாசி வந்துவிடும். பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் நீக்கலாம்.

ஷிட்டின் வாலி 2 போன்ற கலப்பு ஆம்ப்களில் முன்னே ஒரு வால்வு, பின்னே ட்ரான்சிஸ்டர். அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவு என்பதால் பேஸ் தூக்கல் கிடைக்காது, சிதைவின் சாயல் மட்டும் மெலிதாக வரும். பிளேனரும் வேண்டும், வால்வின் ஒளியும் வேண்டும் என்பவர்களுக்கு இது.

என் தேர்வு ட்ரான்சிஸ்டரும் ஈக்வலைசரும். ஆனால் 300 ஓம் ஹெட்ஃபோன் கையிலிருந்து, குரலிசைதான் உயிர் என்றால், கிராக்குக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. சில சங்கதிகளை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். 6080-இன் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 16 வாட் இழுக்கும்; ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் அது பக்கத்தில் இருப்பது சுகமல்ல. உள்ளே உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் ஓடுகிறது, பற்றவைத்துப் பழகாதவர் முதல் வேலையாக இதில் கைவைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்ற ட்ரான்ஸ்ஃபார்மர்தானா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.