லிக்விட் கூலரைப் பிரிக்க விடாதீர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிராசஸரை நீரோட்டத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் பொருத்திய கணினி வைத்திருப்பவர்கள், அந்த நீரைச் சுற்றவிடும் பம்பில் சத்தம் வருகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். தொழிற்சாலையிலேயே நீர் அடைத்து மூடி வரும் கூலரைத் திறக்க எந்தக் கடைக்கும் சம்மதம் தராதீர்கள். "உள்ளே தண்ணீர் குறைந்துவிட்டது, ஊற்றித் தருகிறோம்" என்று சொன்னால் அந்த நிமிடமே கணினியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ தொகுப்பு. திருவிழா அறிவிப்புகளுக்குக் குரல் பதிவும் செய்து தருகிறேன். மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருப்பதால், விசிறி இரைச்சல்கூட இருக்கக்கூடாது என்றுதான் நீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் 240 மில்லிமீட்டர் அளவில் உள்ள கூலரை வாங்கினேன். மேல்தட்டில் ரேடியேட்டர், அதற்குக் கீழே பிராசஸர் மீது பம்ப். அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. கேபினட்டை மாற்ற வேண்டி வந்தபோது தருமபுரி நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

புதிய கேபினட்டில் ரேடியேட்டரை அடித்தட்டில் பொருத்திக் கொடுத்தார்கள். கேடு அங்கே தொடங்கியது. மூடி வரும் எந்தக் கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும். வருடங்கள் போகப் போக ரப்பர் குழாயின் சுவர் வழியாக நீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் அந்தக் காற்றின் அளவு கூடிக்கொண்டும் வரும். காற்று எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில் போய்த் தங்கும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அதன் தொட்டிப் பகுதியில் யாருக்கும் தொல்லையில்லாமல் கிடக்கும். ரேடியேட்டரை அடியில் வைத்தால் உயரமான இடம் பம்ப்தான். பம்புக்குள் சுழலும் காந்தச் சக்கரத்துக்கும் அதன் தண்டுக்கும் தனியாக எண்ணெய் கிடையாது. சுற்றி ஓடும் நீர்தான் மசகு. அங்கே காற்று புகுந்தால் சத்தமும் வரும், தேய்மானமும் வரும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதுமே, இளநீர் தீரும்போது உறிஞ்சுகுழல் எழுப்புமே, அப்படியொரு கொடகொடச் சத்தம். மைக்கில் தெளிவாக விழுந்தது. திரும்ப எடுத்துக்கொண்டு போனேன்.

"பம்ப் போய்விட்டது அண்ணா. புதிது வாங்கினால் பன்னிரண்டாயிரம் ஆகும். சர்வீஸ் செய்தால் மூவாயிரத்து ஐந்நூறில் முடித்துவிடலாம்" என்றார் கடைக்காரர். வாரண்டி இருக்கிறதே என்றேன். "கம்பெனிக்கு அனுப்பினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வைகாசி முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பார்த்துச் சொல்லுங்கள், அதற்குள் எதையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் போனால் எல்லாம் பிரித்து மூடியாகிவிட்டது. திருகின் மேல் இருந்த வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. கணினியில் சத்தமே இல்லை. "பாருங்கள் அண்ணா, எவ்வளவு அமைதி!" என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "சர்வீஸ் 3500" என்று மட்டும் எழுதி நீட்டினார்கள். பணத்தைக் கொடுக்காமல் கணினியைத் தர மாட்டோம் என்றார்கள்.

அந்த அமைதி எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வீடியோ ஏற்றுமதி வழக்கத்தைவிட இழுத்துக்கொண்டே போனது. பிராசஸரின் வெப்பம் 100 டிகிரியில் போய் நின்றது. அந்த அளவைத் தொட்டால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்து பார்த்தேன். முழு வேகத்தில் ஓட வேண்டிய பம்பின் மின்னழுத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓடும் பம்ப் ஆயிரத்துச் சொச்சத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பழையபடி முழு வேகத்துக்கு மாற்றினேன். கொடகொடச் சத்தம் அப்படியே திரும்பி வந்தது, கூடவே ஓர் அரைக்கும் சத்தமும். நோயைத் தீர்க்காமல் நோயாளியின் வாயைப் பொத்தியிருக்கிறார்கள். அதற்கு மூவாயிரத்து ஐந்நூறு.

அத்தோடு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன். ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சூடு இருக்கும். எனக்கு ஒன்று கொதித்தது, மற்றொன்று சில்லென்று இருந்தது. கிருஷ்ணகிரியில் நிதானமாக வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வாரண்டியைத்தான் ஏற்கெனவே அழித்துவிட்டார்களே என்று அவர் என் கண்முன்னே கூலரைப் பிரித்தார். பிராசஸர் மேல் உட்காரும் செம்புத் தகட்டின் உட்புறத்தில், சீப்புப் பல்லைவிட நெருக்கமாக வெட்டிய துடுப்புகள் இருக்கும். அவற்றின் இடுக்கெல்லாம் வெண்பச்சை நிறத்தில் சேறு. டூத் பிரஷ்ஷால் ஓர் ஓரத்தைத் தேய்த்தார். மாவு மாதிரி உதிர்ந்து அவர் விரலில் ஒட்டியது.

தருமபுரிக் கடையில் வேலை செய்யும் பையனைக் கேட்டபோது "குடிக்கிற தண்ணீர்தான் அண்ணா ஊற்றினோம்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் செய்திருக்கிறான். ஆனால் இந்தக் கூலர்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் அலுமினியம், தகடு செம்பு. இரண்டு உலோகத்தையும் ஒரே நீர் தொடும்போது அலுமினியம் அரிபடத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் அரிப்புத் தடுப்பு மருந்தும் பாசி பிடிக்காத மருந்தும் கலந்து அடைக்கிறார்கள். அதைக் கீழே கொட்டிவிட்டு நம் ஊர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்! நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பதால்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதோடு தண்ணீரின் சுண்ணாம்பு உப்பால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதை இங்கே பார்க்காத வீடு உண்டா? தனித்தனியாக வாங்கிக் கோத்த கூலராக இருந்தாலும்கூட, காய்ச்சி வடித்த நீரும் அதற்கான மருந்தும்தான் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீரும் கூடாது.

பம்ப் சத்தத்தால் அவதிப்படுபவர்கள் பைசா செலவில்லாமல் முதலில் செய்து பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கொடகொட என்று கேட்டால் அது காற்று. ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; பம்ப் அதைவிட உயரத்தில் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். பிறகு பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, ரேடியேட்டர் மேலே இருக்கும்படி கேபினட்டை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தால் குமிழிகள் மேலேறிவிடும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் இருந்தால் சாய்ப்பதற்கு முன் அதன் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது போய்விடும். சீராக மெல்லிய கீச்சொலி மட்டும் கேட்டால் அது வேகத்தின் சத்தம். தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் வீடியோ ஓடும்போது வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும். கேபினட்டின் மேல் கையை அழுத்தினால் சத்தம் மாறுகிறதா? பம்பில் குறையில்லை, அதிர்வு தகரத்துக்குத் தாவுகிறது. திருகுகளை ஒரே சீராக முடுக்கி, கேபினட்டுக்கு அடியில் ரப்பர் வைத்தால் போதும். எதற்கும் மசியாத அரைக்கும் சத்தம் என்றால் தண்டு தேய்ந்திருக்கும். அப்போது வாரண்டிதான் வழி. அதனால்தான் ஸ்டிக்கரைக் கிழிக்க விடாதீர்கள் என்று கத்துகிறேன்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாரித்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை; சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும். பில் கொடுக்க மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே துண்டுச் சீட்டு என்றாலும் எறிந்துவிடாதீர்கள். என் சீட்டும், கிழிந்த ஸ்டிக்கரின் படமும், சேறு படிந்த தகடும் மனுவோடு போகின்றன. புகார் பதிந்த செய்தி எட்டியதும் கடைக்காரர் அழைத்து, பாதிப் பணத்தைத் தருகிறேன், பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார். கூலரின் முழு விலையையும் கொடுங்கள், உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.