தூசி உண்ணி: வெயிலா, வெந்நீரா?

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் என்றால் மெத்தையையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். அதில் குடியிருக்கும், டஸ்ட் மைட் எனப்படும் தூசி உண்ணி என்ற சிற்றுயிர் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். கடிக்காது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சத்தில் உள்ள புரதம்.

வெயிலுக்குக் காசு கிடையாது. இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. ஆகவே மொட்டைமாடி வெயிலில் மெத்தை நன்றாகச் சூடேறிக் காய்ந்தால் செத்துவிடும். ஆனால் தடித்த மெத்தையின் நடுவரைக்கும் சூடு போவது கடினம். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலுக்கே வழியில்லை. அதைவிட முக்கியம், உண்ணி செத்தாலும் எச்சம் அங்கேயேதான் கிடக்கும். காய்ந்த மெத்தையைக் கம்பால் தட்டினால் ஓரளவு போகும். (தட்டுகிறவர் மூக்கைக் கட்டிக்கொள்ளட்டும்.)

55 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணியும் சாகும், எச்சமும் அலசிப் போகும். பச்சைத் தண்ணீரில் எச்சம் போனாலும் உண்ணிகள் பல தப்பிவிடும். சாயம் போகும் துணிக்கும், ஹீட்டர் இல்லாத வாஷிங்மெஷினுக்கும் வெந்நீர் சரிப்படாது. மெத்தையை ஊறவைக்கவும் முடியாது.

என் ஓட்டு வெந்நீருக்கே: படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒருமுறை. மெத்தைக்கு வெயில், அப்புறம் ஜிப் வைத்த அடர்நெசவு உறை. படுக்கையில் பூச்சிமருந்து ஸ்பிரே மட்டும் வேண்டாம்.