பதினியா நுங்கா, வண்டியா காத்தாடியா? சின்னப் பிள்ளைகளுக்கு எது தோது

பங்குனி பிறந்தால் சாயல்குடி, கடலாடி, ஏர்வாடிப் பக்கம் சாலையோரத்தில் பதினிப் பானை வந்துவிடும். பதநீருக்கு இந்தப் பக்கத்துப் பேர் அதுதான். சித்திரையில் அதற்குப் பக்கத்திலேயே நுங்குக் குலைகளும் குவிந்துவிடும். பள்ளிக்கூட விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான். இரண்டிலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு நாள் பொழுதைக் கழிக்க இந்த ஒரு பனைமரம் போதும். வாய்க்குப் பதினியோ நுங்கோ, கைக்கு நுங்கு வண்டியோ ஓலைக் காத்தாடியோ. ஆனால் எந்த வயதுக்கு எது என்பதில் கவனம் வேண்டும்.

வாய்க்கு: பதினியும் நுங்கும்

பதினியின் இனிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதே சாறு புளித்துக் கள்ளாகாமல் தடுக்கத்தான். சுண்ணாம்பு குறைந்தாலும் வெயில் ஏறினாலும் சில மணி நேரத்தில் நுரை கட்டிப் புளிக்கத் தொடங்கும். புளித்தால் அதில் சாராயச் சத்து சேர்கிறது. பிள்ளைக்கு ஒரு வாய்கூட ஆகாது. அதனால் காலை எட்டு மணிக்கு முன் வாங்குங்கள். மேலே நுரை நின்றாலோ, மூக்கருகே கொண்டுபோனால் புளிப்பு வாடை அடித்தாலோ வேண்டாம். சுண்ணாம்பு கூடிப்போனதை நாக்கே சொல்லிவிடும்: இனிப்புக்குப் பின்னால் ஒரு காரல் தங்கும். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. கலயம் இராத்திரி முழுக்க மரத்தில் திறந்து கிடக்கிறது. வௌவாலும் ஈயும் தேனீயும் அதில் வாய் வைக்கும். பெரியவர்கள் பச்சையாகக் குடிப்பதுண்டு; ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றிக் கொடுப்பதே நல்லது. பச்சைப் பதினியின் குளிர்ச்சி போய்க் கருப்பட்டி வாசம் ஏறும், பிள்ளைகள் அதையும் விரும்பிக் குடிப்பார்கள். மூன்று வயதுக்கு அரை டம்ளர் போதும். அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

நுங்கில் புளிக்கும் பயம் இல்லை, சர்க்கரையும் குறைவு. ஓட்டுக்குள் மூடியே இருப்பதால் ஈ மொய்த்த கவலையும் கிடையாது. ஆனால் வழுக்கும். முழுச் சுளையைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டால் மெல்லாமலே தொண்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். நுங்கு விஷயத்தில் உண்மையான ஆபத்து இது ஒன்றுதான். நான்கு வயது வரை சுளையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்னக் கொடுக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு மசித்தே கொடுக்கலாம்.

பதம் பார்ப்பது எளிது. காயைச் சீவியதும் தெரியும் கண்ணைப் பெருவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கி உள்ளே நீர் ஆடினால் இளசு. விரலை எதிர்த்து நின்றால் கடுக்காய், அதாவது முற்றிய நுங்கு. தேங்காய்போல் கெட்டிப்பட்டுவிட்டது, பிள்ளை மென்று துப்பும், தின்றால் வயிறு வலிக்கும். சுளையின் மேல் தோல் துவர்க்கும். சுளையைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் தோல் வழன்று வந்துவிடும். சட்டையில் நுங்கு நீர் பட்டால் பழுப்புக் கறை விழும், சோப்புக்கும் போகாது. பழைய சட்டை போட்டு விடுங்கள்.

நான்கு பிள்ளைகளுக்கு எட்டு இளஞ்சுளை, ஒரு பெரிய இளநீர், ஒரு சிட்டிகை ஏலப்பொடி. சுளையில் பாதியை மசித்தும் மீதியைப் பொடியாக நறுக்கியும் இளநீரில் கலந்தால் சர்க்கரையே வேண்டாம். உரித்த சுளை அன்றைக்குள் தீர வேண்டும். காயாக இருந்தால் நிழலில் இரண்டு நாள் தாங்கும்.

இரண்டையும் சேர்த்து, ஓலைப் பட்டையில் பதினி ஊற்றி நுங்கைப் போட்டுக் குடிப்பதற்கு ஈடு இல்லைதான். ஆனால் அது ஆறு வயதுக்கு மேல். ஓலை விளிம்பு உதட்டைக் கீறும், பட்டையைச் சாய்த்தால் நுங்கு பதினியோடு சேர்ந்து தொண்டைக்குள் வழுக்கும். சின்னவர்களுக்குக் கிண்ணமும் கரண்டியும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், ஐந்து வயதுக்குக் கீழே தயங்காமல் நுங்கு.

கைக்கு: வண்டியும் காத்தாடியும்

வண்டிக்கு நுங்கு வாங்கும்போதே முந்திக்கொள்ள வேண்டும். இப்போது பலர் காயைப் பிளந்து சுளையை மட்டும் பையில் போட்டுத் தருகிறார்கள். அப்படியானால் சக்கரம் போயிற்று. “தலையை மட்டும் சீவுங்க, பிளக்காதீங்க” என்று சொல்லி, விரலால் நோண்டித் தின்றுவிட்டுக் காயைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே அளவில் இரண்டு காய் வேண்டும். ஒன்று சிறுத்தால் வண்டி அந்தப் பக்கமே வளைந்து வளைந்து போகும். அச்சுக்கு விரல் தடிமனில், ஒரு அடி நீளத்தில் நேரான குச்சி. பட்டையை உரித்து இரு முனையையும் கூராக்கவும். மூன்று கண்ணும் சந்திக்கிற நடுத்தண்டில் செருக வேண்டும். நார் இறுகப் பிடித்துக்கொள்ளும். நடு தப்பினால் வண்டி நொண்டும். வெளியே நீட்டும் கூர்முனையை மழுங்க வெட்டிவிடுங்கள், பக்கத்தில் ஓடும் பிள்ளையின் காலில் குத்தும். தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு: பிள்ளையின் நெஞ்சு உயரம், கவட்டையின் கை அரை சாண். கவட்டை இறுக்கமாக இருந்தால் அச்சு சுழலாமல் சக்கரம் இழுபடும். கை குட்டையானால் சின்னக் கல்லில் ஏறினாலும் அச்சு துள்ளி வெளியே விழும். அச்சின் நடுவில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் ஓட்டமே வேறு.

காத்தாடிக்குக் குருத்தோலை. முற்றிய ஓலை மடித்த இடத்தில் வெடிக்கும், அன்று வெட்டிய பச்சை ஓலை மடிப்பில் நிற்காமல் நிமிர்ந்துவிடும். ஒரு நாள் நிழலில் வாடிய ஓலைதான் சரி. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் நறுக்கு. நடுவைக் குறித்துக்கொண்டு, இடப்பாதியில் மேல் விளிம்பையும் வலப்பாதியில் கீழ் விளிம்பையும் அரை விரல் அகலத்துக்கு ஒரே பக்கமாக மடிக்கவும். இரண்டு பாதியிலும் மேல் விளிம்பையே மடித்தால் ஒரு பாதி தள்ளுவதை மறுபாதி தடுத்துவிடும். காத்தாடி நடுங்குமே தவிர சுற்றாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நடுவில் கருவேல முள்ளால் குத்தி, துளையைச் சற்று ஆட்டிப் பெரிதாக்கி, சோளத்தட்டையின் தலையில் முள்ளைச் செருகவும். தட்டையின் நெட்டி முள்ளைப் பிடித்துக்கொள்ளும். ஓலைக்கும் தட்டைக்கும் நடுவே அரிசி அளவு இடைவெளி இல்லையென்றால் உரசி நிற்கும். ஐந்து வயதுக்குக் கீழே முள் வேண்டாம்; தடித்த ஈர்க்குத் துண்டை வைத்து முனையில் புளியங்கொட்டை அளவு களிமண் அப்பிவிடுங்கள். ஓலையைப் பெரியவர்களே கிழித்துக் கொடுக்க வேண்டும். பனையின் கருக்கு மட்டை பக்கமே பிள்ளையை விடக்கூடாது, அதன் ஓரம் அரம்போல் அறுக்கும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு எது? காத்தாடி. பிடித்துக்கொண்டு நின்றாலே கடல் காற்று சுற்றிவிடும். வண்டிக்கு நடையும் கையும் ஒத்துழைக்க வேண்டும். நாலரை, ஐந்து வயதில்தான் அது வசப்படும். வசப்பட்ட பிறகு காத்தாடியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எந்த இடத்தில்

உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான் கடற்கரை வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். அலை குறைவு, சவுக்கு நிழல் உண்டு, ஈர மணல் இறுகிக் கிடக்கும். வண்டி அங்கே நன்றாக ஓடும். உலர்ந்த பொதி மணலில் சக்கரம் புதையும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் காற்று காத்தாடியைப் பிய்த்துவிடும், நீரோட்டமும் கடுமை. சின்னப் பிள்ளையோடு போக அது இடமே இல்லை. எங்கானாலும் சாயங்காலம் நாலரைக்கு மேல் கிளம்புங்கள்.

நுங்குக் காய் மூன்றாம் நாள் காய்ந்து சுருங்கும், அச்சு தளர்ந்து சக்கரம் ஆடும். அப்போது காயை நறுக்கி ஆட்டுக்குப் போடலாம், பிள்ளைகளே ஊட்டட்டும். ஓலையையும் ஆடு தின்னும், முன்னதாக முள்ளை எண்ணி எடுத்துவிடுங்கள்.