1062-இல் நிற்கும் ரெப்ளிகா: தாண்டுவதா, ஈவென்ட்டை முடக்குவதா, கிரானுக்கு மாற்றுவதா?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எடைமேடைப் பதிவு ஏறும் மைஎஸ்கியூஎல் 8.0 சர்வர் ஆலையில். அதன் மாற்றங்களை வாங்கி அப்படியே பதியும் நகல் சர்வர், அதாவது ரெப்ளிகா, தருமபுரி அலுவலகத்தில். இரவு 12.30-க்கு ஓர் ஈவென்ட் (குறித்த நேரத்தில் டேட்டாபேஸே ஓட்டும் வேலை), விவசாயி வாரியாக அன்றைய பெங்களூரா காய் எடையைக் கூட்டித் தினக்கணக்கு டேபிளில் எழுதும். காலையில் பார்த்தால் ரெப்ளிகா 1062 பிழையோடு (அதே கீ ஏற்கெனவே இருக்கிறது) நிற்கிறது.

ஈவென்ட் ரெப்ளிகேஷன் வழியாக வந்திருந்தால் ரெப்ளிகாவில் தானாகவே முடங்கிக் கிடக்கும். டம்ப்பிலிருந்து (பேக்கப் கோப்பிலிருந்து) ஏற்றியிருந்தால் உயிரோடு இருக்கும், ஈவென்ட்களை ஓட்டும் ஷெட்யூலரும் 8.0-இல் இயல்பாகவே ஆன். ரெப்ளிகா தன் பங்குக்கு எழுதிவிட, ஆலையிலிருந்து அதே கீயோடு வரும் வரிசை மோதுகிறது. பழைய பதிவை அழிக்கும் ஈவென்ட் என்றால் பிழை எண் 1032 (அழிக்க வேண்டிய வரிசை இல்லை).

பிழையைத் தாண்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் 12.30-க்கு ரெப்ளிகா பின்தங்கியிருந்தால் கடைசி லாரிகளின் எடை அதன் கூட்டலில் இருக்காது. தாண்டினால் சரியான கணக்கு போய், குறைந்த கணக்கு நிலைக்கும். அதுவும் ஒரு வரிசை அல்ல, அந்த டிரான்ஸாக்ஷன் முழுவதும். நாளை இரவு மறுபடி நிற்கும். ஜிடிஐடி (ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் தனி அடையாள எண்) ஆனில் இருந்தால் பிழையைத் தாண்டும் ஸ்கிப் கவுண்டரே செல்லாது, காலி டிரான்ஸாக்ஷன் செருக வேண்டும்.

சரியான வழி முடக்குவதுதான். ரெப்ளிகாவில், மாற்றங்களை பைனரி லாகில் பதியச் செய்யும் எஸ்கியூஎல் லாக் பின்னை 0 ஆக்கி (இல்லையேல் ரெப்ளிகா பெயரில் தனி ஜிடிஐடி முளைக்கும்), ஈவென்ட்டை 'டிசேபிள் ஆன் ஸ்லேவ்' ஆக்குங்கள். ரெப்ளிகா தானாக எழுதிய வரிசைகளை மட்டும் அழித்து, ரெப்ளிகேஷனைத் தொடங்குங்கள். பிறகு சூப்பர் ரீட் ஒன்லியை (சூப்பர் உரிமை உள்ளவரும் எழுத முடியாத நிலை) ஆன் செய்யுங்கள். வெறும் ரீட் ஒன்லி போதாது; டிஃபைனருக்கு (ஈவென்ட் யாருடைய உரிமையில் ஓடுகிறதோ அந்தப் பயனருக்கு) சூப்பர் உரிமை இருந்தால் ஈவென்ட் எழுதிவிடும்.

இதில் ஒரு வில்லங்கம்: ஆலை சர்வர் படுத்து ரெப்ளிகாவை முதன்மையாக்கினால் ஈவென்ட் தானாக எழாது, கையால் எனேபிள் செய்ய வேண்டும். 8.0.26-க்கு முந்தைய பதிப்பில், சூப்பர் ரீட் ஒன்லியை நீக்கிய பிறகு ஷெட்யூலரையும் மறுபடி ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

முதன்மை அடிக்கடி இடம் மாறும் அமைப்பு என்றால், ஈவென்ட்டைவிடக் கிரான் (லினக்ஸின் நேரம் குறித்து வேலை ஓட்டும் கருவி) மேல். ஒரே ஸ்கிரிப்டை இரண்டு மெஷினிலும் போட்டு, சூப்பர் ரீட் ஒன்லி 1 என்றால் வெளியேறச் சொல்லுங்கள். பழைய ஈவென்ட்டை ட்ராப் செய்ய மறந்தால் மோதல் முதன்மையிலேயே நடக்கும்.